முந்திக் குளித்தவர்களும் பொறுத்திருந்தவர்களும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலத்தின் மேற்குக் கரையோரமாக அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்று சில ஊர்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. வறண்ட மணல், முட்புதர், உப்புக் காற்று. படத்தில் தேடினால்தான் கண்ணுக்குப் படும் இவ்வூர்களின் பெயர்கள் ஒரு காலத்தில் பம்பாயிலும் பாரசீகக் குடாவிலும் இலண்டனிலும் வணிகர் வாயில் அடிபட்டன. சிலாவத்துறை என்பது சிலாபத்துறையே. சிலாபம் அல்லது சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. அச்சொல்லின் பொருள் நம் மாணவர்களுக்கு இன்று அகராதியைப் புரட்டினால்தான் தெரியவருகிறது. தொழில் போனால் சொல்லும் அதன் பின்னாலேயே போய்விடுகிறது.

முதலீடு செய்வோர் சந்தையில் முந்தி நுழைவதா, நிலைமை தெளிவாகும்வரை பொறுத்திருப்பதா என்ற கேள்வியை வணிகக் கல்லூரிகள் தங்கள் காலத்துப் புதுமைபோலப் பாடம் நடத்துகின்றன. முந்தினால் முதல் இலாபம். ஆனால் இருட்டில் காலடி வைக்க வேண்டும். பொறுத்தால் தெளிவு பிறக்கும். ஆனால் பங்கு பறிபோகலாம். இந்தக் கேள்வி சிலாவத்துறைக் கரையில் பல நூற்றாண்டுகளாகவே கேட்கப்பட்டு வந்தது. அங்கே அதைக் கேட்டவர்கள் கூலியாட்கள் அல்லர். கடலுக்குள் இறங்கியவர்களும் அல்லர். யார் கேட்டார்கள், யாருடைய நலனுக்காக விடை தேடினார்கள், விடை பிழைத்தபோது யார் இழந்தார்கள் என்பதையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம்.

முதலில் சிப்பியின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மன்னார்க் குடாவில் கரையிலிருந்து பல மைல் தொலைவில், ஏறக்குறைய ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில், கடலடியில் பாறைத் தட்டுகள் உண்டு. அவற்றைப் ‘பார்’ என்பர். பெரியபார், மோதரகம் பார், வங்காலைப் பார் எனப் பல. மிதந்து திரியும் சிப்பிக் குஞ்சுகள் இப்பார்களில் வந்து படிகின்றன. நூல்போன்ற இழைகளால் கல்லைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. நான்கு வயதுக்குக் குறைந்த சிப்பியில் முத்து இருந்தாலும் அது பெரும்பாலும் தூள். நான்கிலிருந்து ஆறு வயதுவரை முத்துத் திரள்கிறது. விலையும் ஆண்டுக்காண்டு வேகமாக ஏறுகிறது. அதன் பின்னர்? ஆறு, ஏழு வயதில் சிப்பி தானாகவே இறந்து வாய்திறக்கிறது. முத்து மணலில் உதிர்ந்து மறைகிறது. ஆகவே பொறுமைக்குப் பலன் உண்டு, ஆனால் அப்பலனுக்கு ஒரு கடைசித் தேதியும் உண்டு. மரத்தைப் போல நூறாண்டு நிற்பதன்று இது. நிலத்தடியில் கிடக்கும் பொன்னைப் போல, இன்று எடுக்காவிட்டால் நாளை எடுக்கலாம் என்று விட்டுவைக்கவும் இயலாது.

கடைசித் தேதிவரை சிப்பி பிழைத்திருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. தென்மேற்குப் பருவக் காற்றில் கடலடி மணல் பெயர்ந்து பாரையே மூடிவிடும். திருக்கை மீன்கள் கூட்டமாக வந்து சிப்பியை நொறுக்கித் தின்னும். ‘சூரன்’ எனக் குளிகாரர் அழைத்த ஒருவகைச் சிறு சிப்பியினம் பார் முழுவதும் பாய்பின்னியதுபோலப் படர்ந்து முத்துச் சிப்பியை மூச்சடைத்துக் கொல்லும். இதற்கெல்லாம் பெரியபார் ஒன்றே போதிய சான்று. 1902 மார்ச்சில் அங்கு பார்வையிட்டபோது குஞ்சுச் சிப்பிகள் எண்ணிலடங்காதபடி மண்டிக்கிடந்தன. அவற்றின் தொகையைப் பதினாயிரம் கோடி என்று அறிவியலாளர் மதிப்பிட்டனர். அதே ஆண்டு நவம்பரில் திரும்பிப் போய்ப் பார்த்தால் பார் வெறும் பார். இடையில் வீசிய ஒரு பருவக் காற்று அனைத்தையும் துடைத்துக்கொண்டு போயிருந்தது. 1880 தொடங்கி அவ்வாண்டுவரை அந்தப் பாரில் பதினொரு தடவைக்குக் குறையாமல் குஞ்சுகள் வந்து படிந்தும் ஒரு குளிப்பாவது நடந்ததில்லை என்பது பதிவு.

எனவே மூன்று வயதுச் சிப்பி நிறைந்த ஒரு பாரைக் கண்டவர் முன் நின்ற கேள்வி எளிதானதன்று. இன்றே குளித்தால் தூள்முத்து; அடுத்த ஆண்டு குளித்தால் இரட்டிப்பு இலாபம் கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். இருட்டைச் சற்றே விலக்க ஒரு வழியைக் கண்டிருந்தனர். பருவக் காற்று ஓய்ந்த பின் படகனுப்பிப் பார்களைச் சோதித்தனர். அரிப்பிலிருந்த அடப்பனார் எனும் தலைவர்கள் இப்பார்களின் இருப்பிடங்களைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளைத் துளையிட்ட பித்தளைப் பெட்டிகளில் சலித்துத் தரம் பிரிப்பர். உருண்டு திரண்ட ஆணிமுத்து ஒரு முனை, தூள் மறுமுனை. ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபா பெறும் என்று மதிப்புக் கூறுவர். அம்மதிப்பு போதுமென்று தோன்றினால் குளிப்பு அறிவிக்கப்படும். குறைவென்றால் பார் இன்னும் ஓராண்டு விடப்படும். சிறிது செலவிட்டு அறிவை வாங்கிக்கொண்டு, பிறகு பெரிதாகச் செலவிடுவதா என்று முடிவெடுத்தல் என இன்றைய பொருளியலார் வகுத்துக் கூறும் முறை இதுதான். அரிப்பின் அடப்பனாருக்கு அதைக் கற்பிக்க எந்தக் கல்லூரியும் வேண்டியிருக்கவில்லை.

முறை நன்றாகவே இருந்தது. ஆனால் முடிவை எடுத்தவர்கள் யார்?

போர்த்துக்கேயர் 1560 இல் மன்னாரைக் கைப்பற்றினர். 1658 இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதிப் பகுதியில், 1768 தொடங்கி 1796 வரை, இலங்கைப் பக்கத்துப் பார்களில் குளிப்பே நடக்கவில்லை. ஆர்க்காட்டு நவாபுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையில் பங்குத் தகராறு. தனக்குக் கிடைக்காதது மற்றவனுக்கும் கிடைக்கலாகாது என்று இரு தரப்பும் பிடிவாதமாக நின்றன. இந்த நீண்ட ஓய்வினால் பார்கள் நிரம்பி வழிந்தன என்றும், அந்தச் செல்வத்தைத்தான் பின்னால் வந்த ஆங்கிலேயர் அள்ளினர் என்றும் சிலர் எழுதுவதுண்டு. இதில் பாதிதான் உண்மை. ஏழு வயதில் இறக்கும் உயிரை இருபத்தெட்டு ஆண்டு சேமித்துவைக்க எவராலும் முடியாது. அந்த இடைக்காலத்தில் எத்தனையோ தலைமுறைச் சிப்பிகள் பிறந்து, முற்றி, முத்தோடு மணலில் மடிந்திருக்கும். ஆங்கிலேயருக்கு வாய்த்தது கடைசித் தலைமுறை மட்டுமே. காத்திருத்தல் என்று தோன்றிய அதுவும் வெறும் வழக்காடலே.

1796 இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கொம்பனி வந்தது. வந்த ஆண்டிலேயே குளித்தது. 1797 இலும் குளித்தது. 1798 இலும் குளித்தது. பிந்திய இரு ஆண்டுகளில் ஒவ்வொன்றும் இலட்சம் பவுணுக்கு மேல் வருவாய் ஈட்டித் தந்தது. அதை அடுத்த ஆண்டிலோ வருவாய் மிகவும் சுருங்கிவிட்டது. அந்நாளில் குளிப்பைக் குத்தகைக்கு விடுவதே வழக்கம். இத்தனை நாள், இத்தனை படகு என்று வரையறுத்து, ஏலத்தில் அதிகம் கேட்ட வணிகனிடம் பார் ஒப்படைக்கப்படும். அவ்வணிகனின் நிலையை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் கையில் இருப்பது முப்பது நாள். முப்பத்தோராம் நாள் அந்தக் கடல் அவனுடையதன்று. முற்றிய சிப்பியென்றும் பிஞ்சென்றும் பிரித்துப் பிஞ்சை விட்டுவைத்தால் அது அடுத்த குத்தகைக்காரனுக்குச் செய்யும் தருமம். எனவே கைக்கு எட்டியதையெல்லாம் வாரினான். அவனைப் பேராசைக்காரன் என்று ஏசுவது சுலபம். முப்பது நாள் ஏற்பாட்டை வகுத்தவர்களோ கோட்டைக்குள் இருந்தனர். அவர்களுக்குப் படைச் செலவுக்குப் பணம் உடனே வேண்டியிருந்தது. புதிதாகப் பிடித்த தீவு நிலைக்குமா என்பதே அவர்களுக்கு நிச்சயமில்லாத காலம் அது. நாளை தன்னுடையதா என்று தெரியாதவன் நாளைக்காகப் பொறுத்திருப்பதில்லை.

இலங்கையின் முதலாவது ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், குளிப்பை நேரில் பார்வையிட அரிப்பில் கடலைப் பார்த்தபடி ஒரு மாளிகை எழுப்பினார். கிரேக்கக் கோயிலின் தூண்களை நினைவூட்டும் அக்கட்டடம் ‘டொரிக்’ எனப் பெயர் பெற்றது. 1802 இல் தொடங்கி இரண்டாண்டளவில் முடிந்த வேலை. தேசாதிபதி பதவியை விட்டுப் போனது 1805 இல். மாளிகை கட்டுவதில் காட்டிய நிதானத்தைப் பாரிலும் காட்டியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பின்னர் வந்த நூறாண்டின் வரலாறு விருந்தும் பட்டினியும் மாறி மாறி வந்த வரலாறு. 1837 க்குப் பின் 1855 வரை குளிப்பில்லை. பிறகு சில ஆண்டு குளிப்பு. 1863 க்குப் பின் மறுபடியும் பத்தாண்டு வெறுமை. அதே 1863 இல்தான் பாரிஸ் நகரத்து மேடையில் பிசே என்ற இளம் இசைஞர் இலங்கை முத்துக்குளிப்போரைப் பற்றிய இசைநாடகத்தை அரங்கேற்றினார். ஐரோப்பியச் சீமான்கள் அரங்கில் அமர்ந்து கைதட்டிய பின்னைய ஆண்டுகளில் இங்கு படகுகள் கரையேறிக் காய்ந்துகிடந்தன. இடையில் 1857 இல் கேலார்ட் என்ற மருத்துவரை அமர்த்திச் சிப்பியின் இயல்பை ஆராயச் செய்தனர். அவர் 1860 இல் காலமானார். ஆராய்ச்சியும் ஏறத்தாழ அவருடனேயே நின்றது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் அரசாங்க அதிபராக இருந்த துவைனம் பார்களைத் தம் கையளவு நிலம்போல அறிந்தவர். சிலாவத்துறையில் 1877 தொடங்கி 1891 வரை நடந்த குளிப்புகள் பெரும்பாலும் அவர் கண்காணிப்பில் நிகழ்ந்தவை. 1891 இன் குளிப்பு ஒன்பது இலட்சம் ரூபாவுக்கு மேல் தந்தது. அதன்பின் பதினோராண்டு எதுவுமில்லை.

இந்த வெறுமையைக் கண்டு கலங்கிய அரசாங்கம் லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மனை வரவழைத்தது. 1902 தொடக்கத்தில் அவரும் ஜேம்ஸ் ஹோர்னெலும் வந்திறங்கினர். பெரியபாரின் கதையை உலகறியச் செய்தவர்கள் இவர்களே. அவர்களது அறிக்கை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. பார்கள் வெறுமையாவதற்கு அதிகமாகக் குளித்தது மட்டுமே காரணமன்று. பெயரும் மணலும், பகை உயிர்களும், நெருக்கடியும் காரணங்கள் என்றனர். நாமும் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆட்சியாளரின் பேராசையைக் காரணம் காட்டிவிடுவது கூட்டத்தில் கைதட்டல் வாங்கும். கடலுக்கு அது பொருந்தாது. முற்றிய சிப்பியைத் தயங்காமல் எடுத்துவிட வேண்டும், அதை விட்டுவைப்பதால் எவருக்கும் பயனில்லை. பிஞ்சு நெருங்கிக் கிடக்கும் பாரிலிருந்து கலைத்துப் பாதுகாப்பான பாரில் இட வேண்டும் என்பதே அவர்கள் கூறியதன் சாரம். பொறுத்திருப்பது என்றால் சும்மா இருப்பதன்று என்ற உண்மை அரசாங்க ஏட்டில் ஏறியது.

அவர்கள் வந்த அடுத்த ஆண்டே நற்காலம் பிறந்தது. 1903 இல் நாலு கோடிச் சிப்பிக்கு மேல்; வருவாய் 8 இலட்சத்து 29 ஆயிரம் ரூபா. 1904 இலும் ஏறத்தாழ அதே தொகைச் சிப்பி. வருவாயோ 10 இலட்சத்து 65 ஆயிரம். 1905 இல் எட்டுக் கோடிச் சிப்பிக்கு மேல்; வருவாய் 25 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா. மன்னார்க் கடலின் வரலாற்றிலேயே அதற்கு நிகரான ஆண்டுகள் மிகச் சில. சிப்பியில் மூன்றில் இரண்டு அரசாங்கத்தின் பங்கு என்று கொண்டு கணக்குப் பார்த்தால், ஆயிரம் சிப்பி 1903 இல் ஏறக்குறைய 30 ரூபாவுக்கும், மறு ஆண்டு 39 ரூபாவுக்கும், 1905 இல் 46 ரூபாவுக்கும் போயிருக்கிறது. சிப்பி முதிர்ந்ததும் ஒரு காரணம். ஏலம் கேட்டவர்களின் வெறி ஏறியதும் மற்றொரு காரணம்.

இந்தப் பளபளப்பின் நடுவிலேதான் ஒப்பந்தம் உருவாயிற்று. 1906 முதல் இருபதாண்டுக்கு முத்துப் பார்கள் முழுவதும் இலண்டனில் அமைக்கப்பட்ட ‘இலங்கை முத்துக்குளிப்போர் கொம்பனி’க்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன. ஆண்டுக் குத்தகை 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா. பெயரில் முத்துக்குளிப்போர் என்றிருந்ததே தவிர, பங்குதாரரில் ஒருவராவது கடலில் மூழ்கியிருப்பாரா என்பது ஐயம்.

மாணவர்கள் இங்கே தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். முந்திய மூன்று ஆண்டுகளின் வருவாய் மொத்தம் சுமார் 44 இலட்சம். மூன்றால் வகுத்தால் ஆண்டுக்கு 14 இலட்சத்து 68 ஆயிரம். அத்தகைய சொத்து 3 இலட்சத்துக்குக் கிடைக்கிறதென்றால் எந்த முதலாளிக்குத்தான் வாயூறாது? ஆனால் அதற்கு முந்திய வெறும் ஆண்டுகளையும் சேர்த்து, 1892 முதல் 1905 வரை பதினான்கு ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 3 இலட்சத்து 15 ஆயிரம் வருகிறது. கேட்ட குத்தகையும் ஏறத்தாழ அதே தொகை! செலவைக் கழித்தால் மிச்சமில்லை. அரசாங்கத்தார் இக்கணக்கைப் போட்டுத்தான் தொகையைக் குறித்தனரா என்று நாம் உறுதி கூற முற்படவில்லை. ஆனால் கணக்கு அப்படித்தான் விழுகிறது. விருந்து நாளின் இலையைப் பார்த்து ஆண்டு முழுவதற்கும் விலை பேசிய கொம்பனி, பட்டினி நாட்களையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது.

இருபதாண்டுக் குத்தகை என்பது முப்பது நாள் குத்தகையிலும் மேலான ஏற்பாடு அன்றோ என்று கேட்கலாம். கொள்கையளவில் மேலானதே. நாளைய பாரும் தனதே என்பவன் பிஞ்சை விட்டுவைப்பான், பார்களைப் பண்படுத்துவான் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் ஆண்டுதோறும் குத்தகை கட்ட வேண்டும். கண்காணிப்புக்குக் கப்பலும் ஆளும் வேண்டும். இலண்டன் பங்குதாரருக்கு ஆண்டுக் கூட்டத்தில் இலாபம் காட்ட வேண்டும். சிப்பிக்கு ஐந்தாண்டு வேண்டும். பங்குதாரருக்கு ஓராண்டுக்கு மேல் பொறுமையில்லை. 1906 இலும் 1907 இலும் கொம்பனி குளித்தது. அதன் பின்னர் பார்கள் வாய்மூடிக்கொண்டன. அடுத்த ஆண்டும் இல்லை, அதற்கடுத்த ஆண்டும் இல்லை. இருபதாண்டு முடியும்வரை அந்தக் கொம்பனி உயிரோடிருக்கவில்லை. குத்தகை பாதியில் முறிந்து, பார்கள் மீண்டும் அரசாங்கத்தின் கைக்கே வந்தன. மறுபடி ஒரு குளிப்பு நடந்தது 1925 இல். அதுவும் நோஞ்சான் குளிப்பு.

இனி, இதுவரை நாம் பேசாத மனிதரிடம் வருவோம்.

குளிப்பு அறிவிக்கப்பட்டதும் கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி, இராமேசுவரம், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்து படகுகள் வந்து குவியும். சோனகரும் பரதவரும் தமிழ் பேசும் குளிகாரர். பாரசீகக் குடாவிலிருந்து அரபியரும் வருவர். மணல்வெளியில் ஓலைக் குடிசைகளால் ஆன ஒரு நகரம் சில நாட்களில் எழும்பும். ஆறேழு வாரங்களில் கலைந்துவிடும். 1905 இல் மரிச்சுக்கட்டியில் அத்தகைய நகரத்தில் நாற்பதினாயிரம் பேர்வரை இருந்தனர். படகுகள் நள்ளிரவுக்குப் பின் தரைக்காற்றில் புறப்படும். விடிந்ததும் துப்பாக்கி ஓசை கேட்டுக் குளிப்புத் தொடங்கும். கல்லில் கால்வைத்து இறங்கிய குளிகாரன் ஒரு நிமிட அளவுக்குள் கைக்கு வந்ததைக் கூடையில் வாரிக் கயிற்றை அசைப்பான். மேலே உள்ளவன் இழுப்பான். நண்பகலில் மறு துப்பாக்கி. கடற்காற்றில் கரை திரும்பல். ‘கொட்டு’ எனப்பட்ட வேலியடைப்புக்குள் ஒவ்வொரு படகின் சிப்பியும் மூன்று குவியலாகக் கொட்டப்படும். எந்த இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு என்று தெரிவுசெய்வது அதிகாரியின் விருப்பம். மிஞ்சியது குளிகாரருக்கு. அதிலும் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும், தண்டலுக்கும், கயிறு இழுத்தவருக்கும் பங்குண்டு. இந்த மூன்றில் ஒன்றும் பிற்காலத்துத் தாராளம். அதற்கு முன் நான்கில் ஒன்றாகவும் இருந்ததுண்டு.

காத்திருத்தல் யாருக்கு இயலும், யாருக்கு இயலாது என்பதைக் கொட்டுக்கு வெளியே நின்று பார்த்தால் கண்கூடாகக் காணலாம். அரசாங்கம் தன் பங்கை அன்றிரவே ஆயிரக் கணக்கில் ஏலம் விடும். செட்டிமாரும் பம்பாய் வணிகரும் வாங்கித் தங்கள் அடைப்புகளில் ஒரு வாரத்துக்கு மேல் அழுகவிட்டு, ஈயும் புழுவும் மொய்த்த அந்தக் குவியலைத் தோணிகளில் இட்டுக் கழுவி முத்தெடுப்பர்; விலை பிடிக்காவிட்டால் முத்தை மடியில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பி, நல்ல விலை வரும்வரை பெட்டியில் வைத்திருப்பர். குளிகாரனோ கொட்டை விட்டு வெளியே வந்தவுடன் வாயிலிலேயே கூடிநிற்கும் சில்லறைக் கும்பலிடம் நாலும் ஐந்துமாகத் தன் சிப்பியை விற்றுத் தீர்ப்பான். அதில் ஒரு சிப்பிக்குள் ஆணிமுத்து இருந்திருக்கலாம், அவன் அறியான். ஒரு வாரம் அழுகவைக்க அவனுக்கு இடமுமில்லை, காவலுமில்லை, அந்த வாரம் சாப்பிடக் காசுமில்லை. ஊரில் சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் வேறு. கடலடியில் ஐந்தாண்டு முற்றவிட்ட சிப்பியின் பொறுமைப் பலன் அவன் கைக்கு வரும்போது ஐந்து நிமிடத்தில் கரைந்துபோயிற்று.

வெறும் ஆண்டுகளிலும் இவனே முதலில் இழந்தான். அரசாங்கத்துக்கு முத்து வருவாய் நின்றால் கோப்பி வரியும் தேயிலை வரியும் இருந்தன. கொம்பனி முறிந்தால் பங்குத் தாள் கிழிந்தது. பார் மூடப்பட்டால் குளிகாரன் சங்கு குளிக்கப் போனான், கூலிக்குப் போனான், கடனில் மூழ்கினான். பாரைத் திறப்பதா, விடுவதா என்று எவரும் அவனைக் கேட்டதாக இல்லை. பார்களின் அமைப்பைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு அறிந்தவன் அவன் ஒருவனே; மாதிரிச் சிப்பியைக் கொண்டுவந்ததும் அவனே. மதிப்பை எழுதிய மேசை மட்டும் அவனுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

1906 ஆம் ஆண்டுக் குளிப்பில் கடமையாற்ற யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து லெனார்ட் வுல்ப் என்ற இளம் அதிகாரி மரிச்சுக்கட்டிக்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து எழுதிய அவர், இந்த அனுபவத்தைக் கொண்டு ஒரு சிறுகதை புனைந்தார். அது 1921 இல் வெளிவந்தது. குளிப்பின்போது இறந்த ஓர் அரபுக் குளிகாரனின் உடலை அவன் தோழர்கள் கரைக்குச் சுமந்து வரும் காட்சி அதில் உண்டு. அரசாங்க அறிக்கைகள் சிப்பியைக் கடைசி எண்வரை எண்ணி வைத்திருக்கின்றன என்பதை நினைக்கும்போது, அந்த ஒரு காட்சி ஓர் அறிக்கைக்குச் சமம் என்று நமக்குப் படுகிறது.

முந்துவதா பொறுப்பதா என்று இவர்கள் வாதித்துக்கொண்டிருக்கையில், அந்த வாதத்தையே வேண்டாததாக்கும் வேலை யப்பானில் நடந்துகொண்டிருந்தது. மிக்கிமோட்டோ என்பவர் 1893 இல் சிப்பிக்குள் கருவைப் பதித்து அரைக்கோள முத்தை விளைவித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருண்டை முத்தும் கைவந்தது. 1920 களில் வளர்ப்பு முத்துகள் இலண்டன், பாரிஸ் சந்தைகளில் புகுந்தன. உலகப் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ளவே, இயற்கை முத்தின் விலை 1930 அளவில் சரிந்து வீழ்ந்தது. பஹ்ரெயினிலும் குவைத்திலும் ஆயிரக்கணக்கான குளிகாரர் பிழைப்பிழந்தனர். பஹ்ரெயினில் 1932 இல் எண்ணெய் கிடைத்ததால் அந்நாடு தப்பியது. நல்ல விலை வரும்வரை பெட்டியில் முத்தைப் பூட்டிவைத்த வணிகர் பலரும் பூட்டிய பெட்டியோடே நொடித்தனர். சிப்பியின் ஆயுளைக் கணக்கிட்டவர்கள் சந்தையின் ஆயுளைக் கணக்கிடவில்லை.

அதன் பிறகு நடந்தவை சில. தூத்துக்குடிப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை குளிப்பு நடந்தது. 1961 இன் குளிப்பே அங்கு கடைசி. இலங்கைப் பக்கத்தில் 1958 இல் குளிகாரரை நம்பாமல், விசைக்கப்பலில் வாரி கட்டி இழுத்துச் சிப்பி எடுத்தனர். 1973 இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் இந்திய மீன்வள ஆராய்ச்சியாளர் வளர்ப்பு முத்தை விளைவித்தனர். மன்னார்க் கடலின் சிப்பிக்கும் அந்த வித்தை பொருந்துமென்பது மெய்ப்பிக்கப்பட்டது. யப்பானுக்கு எண்பதாண்டு பிந்தி.

சிலாவத்துறைக்கு அதன் பின் வந்த காலம் வேறு. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் தம் ஊர்களிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இப்பகுதிக் கிராமங்களும் வெறுமையாயின. 1991 இல் சிலாவத்துறை இராணுவ முகாமைச் சுற்றிக் கடும் போர் நடந்தது. 2009 இல் போர் முடிந்த பின்னரே மக்கள் சிறுகச் சிறுகத் திரும்பினர். இருபதாண்டுக்குள் குழந்தைகள் பெரியவர்களாகியிருந்தனர், காணிகளில் காடு ஏறியிருந்தது. இம்மக்களுக்குக் காத்திருப்பது ஒரு முதலீட்டு உபாயமாக இருக்கவில்லை.

2011 இல் மன்னார்ப் படுகையின் ஆழ்கடலில் கெயர்ன் நிறுவனம் துளையிட்டு இரண்டு இடங்களில் எரிவாயுவைக் கண்டது. உடனே எடுப்பதா, விலையேறும்வரை விடுவதா என்ற பேச்சு மீண்டும் எழுந்தது. எண்ணெய் விலை வீழ்ந்ததும் 2015 இல் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. எரிவாயு சிப்பியைப்போல ஏழு வயதில் சாவதில்லை என்பது மெய். ஆனால் மாதிரி எடுத்தவரும், மதிப்புக் கூறியவரும், போவதென்று முடிவுசெய்தவரும் இந்தக் கரையில் வாழ்பவரல்லர்.

அரிப்பில் ‘டொரிக்’ மாளிகை இடிந்து நிற்கிறது. அதன் கீழே கடல் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. சுவர்களில் ஒரு பகுதி முன்னமே சரிந்துவிட்டது. தெற்கே நடந்து சிலாவத்துறையைக் கடந்தால், மணலோடு மணலாக உடைந்த சிப்பியோடுகள் கிடக்கின்றன. அவ்வழியே இன்று படகெடுப்பவர்கள் சங்குக்கும் கடலட்டைக்கும் குளிக்கப் போகிறார்கள். எப்போது போகலாம், எத்தனை எடுக்கலாம் என்பதற்கு அனுமதிச் சீட்டு வேறிடத்தில் எழுதப்படுகிறது.